வீட்டில் ஃபோம் கவசம் செய்வது எப்படி: கடலோரத்துக்காரர்களுக்கான வழிகாட்டி

பள்ளி ஆண்டு விழாவில் வேலு நாச்சியார், ஊர் நாடகத்தில் இந்திரஜித், குலசை தசராவுக்கு ராஜா வேஷம், கல்லூரியில் காஸ்பிளே எனும் சினிமா, காமிக்ஸ் பாத்திர வேஷம் என்று கவசம் தேவைப்படும் மேடைகள் நம் பக்கத்தில் நிறைய. அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டினால் வியர்வையில் ஊறி ஒரே மேடையோடு முடிந்துவிடும். தகரம் கனக்கும், கையை வெட்டும், உப்புக்காற்றில் துருவும் ஏறும். செருப்பு அடிப்பாகத்துக்கும் யோகா மேட்டுக்கும் பயன்படும் ஈ.வி.ஏ ஃபோமில் செய்த மார்பு, முதுகுக் கவசம் பெரியவர் அளவுக்கே ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். கட்டரால் வெட்டலாம், சூடு காட்டி வளைக்கலாம்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்று மனதில் இருக்கட்டும். ஃபோம் வளையும் பொருள். அதன்மேல் வரும் பசை, பூச்சு, பெயிண்ட், வார்னிஷ் எல்லாமே அதோடு சேர்ந்து வளைய வேண்டும். வளையாத ஒரே ஒரு அடுக்கு நடுவில் இருந்தாலும் விரிசல் அங்கேதான் தொடங்கும். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை உள்ள கடற்கரையில் இதோடு ஈரக்காற்றும் வெயிலும் சேர்ந்துகொள்ளும். மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் செய்முறையை அப்படியே பின்பற்றினால் இங்கே சரிவராமல் போவது அதனால்தான்.

என்ன வாங்குவது, எதை வாங்கக் கூடாது

மார்புக்கும் முதுகுக்கும் 10 மி.மீ தடிமன் வேண்டும். குழந்தைகள் விளையாட ஒன்றோடொன்று கோத்துப் போடும் பசில் மேட், 60க்கு 60 செ.மீ அளவில் நான்கு துண்டு இருந்தால் பெரியவர் ஒருவருக்குப் போதும். அதன் ஒரு பக்கம் வரிவரியாக இருக்கும். அதை உள்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தோளுக்கும் கைக்கும் 6 மி.மீ ஈ.வி.ஏ யோகா மேட் ஒன்று. விளிம்பு, பூ வேலை போன்றவற்றுக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 2 மி.மீ கிராஃப்ட் ஃபோம், ஏ4 அளவில் பத்துத் தாள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 10 மி.மீ தேவையில்லை. எல்லாமே 6 மி.மீ-இல் செய்தால் எடையும் புழுக்கமும் குறையும்.

யோகா மேட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஈ.வி.ஏ அல்ல. நகத்தால் அழுத்தினால் ஸ்பாஞ்சு போல ஆழமாகப் பள்ளம் விழுந்து மெதுவாக மேலே வருவது பெரும்பாலும் என்.பி.ஆர் ரப்பர். அது சூட்டில் வடிவம் பிடிக்காது. டி.வி பெட்டிக்குள் வரும் வெள்ளைப் பேக்கிங் ஃபோம் பாலித்தீன் வகை. அதில் பசை சரியாக நிற்காது. தெர்மாகோலை நினைக்கவே வேண்டாம். ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பானும் ஸ்பிரே பெயிண்டும் அதை அரித்துக் குழியாக்கிவிடும்.

பசைக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். வகை, அதாவது செருப்புக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் மஞ்சள் நிற ரப்பர் பசை, அரை லிட்டர். ஃபெவிகுவிக் காய்ந்ததும் கண்ணாடி போல இறுகி, வளைக்கும்போது படக்கென்று விட்டுவிடும். குளூ கன் பசை வெயிலில் இளகும். பைக்கில் கட்டி எடுத்துப் போகும் கவசத்துக்கு அது ஆகாது.

கருவிகளில் விலை கூடியது, கொதிக்கும் காற்றை ஊதும் ஹீட் கன்தான். கார் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளில் அது இருக்கும். தெரிந்தவர் என்றால் ஒருநாள் கேட்டு வாங்கலாம். தலைமுடி உலர்த்தும் டிரையர் 2 மி.மீ ஃபோமுக்கு மட்டும் ஓரளவு உதவும். மற்றவை: 18 மி.மீ கட்டரும் ஒரு பாக்கெட் பிளேடும், 120, 220, 400 எண் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், சார்ட் பேப்பர், சமையலறைக் கிளிங் ஃபிலிம், பை தைக்கும் கடையில் கிடைக்கும் நாடா, பிளாஸ்டிக் கிளிப், 4 செ.மீ அகல எலாஸ்டிக்.

கடலோரத்தில் இருப்பதால் ஒரு வசதி உண்டு. மீன்பிடி சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் சிறிய ஈ.வி.ஏ வலை மிதவைகளைப் பாதியாக அறுத்தால் தோளிலும் கேடயத்திலும் ஒட்டுவதற்கு அருமையான குமிழ்கள் கிடைக்கும். புதிதாக வாங்குங்கள். கரையில் ஒதுங்கிய மிதவை வெயிலில் வெந்து, தொட்டால் சுண்ணாம்பு போல மாவு உதிரும். அதில் பசை பிடிக்காது. அதே கடையின் கயிற்றை விளிம்பில் ஒட்டும் ஆசையும் பலருக்கு வரும். வலைக் கயிறு பெரும்பாலும் பாலித்தீன் அல்லது பாலிபுரோப்பிலீன். அதில் பசையும் நிற்காது, பெயிண்டும் நிற்காது. 4 மி.மீ பருத்திக் கயிறு போதும்.

அளவும் காகித வடிவமும்

முதல்முறை செய்கிறவர் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காகிதத்துக்கே கொடுக்கலாம். பெயிண்டை முதலில் வாங்கி வைத்துவிட்டு அளவைக் கண்மதிப்பில் வெட்டுகிறவர்களின் கவசம் கழுத்தை இடிக்கும், அல்லது அக்குளில் அறுக்கும்.

வீணானாலும் பரவாயில்லை என்ற பழைய பனியனைப் போட்டு, அதன்மேல் கிளிங் ஃபிலிமை இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டே வாருங்கள். இன்னொருவர் ஒட்டிவிட வேண்டும். இறுக்கக் கூடாது, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்த நிலையில் ஒட்டினால் அளவு சரியாக வரும். தொண்டைக்குழியிலிருந்து தொப்புள் வரை நடுக்கோடு போடுங்கள். தோளின் நடுவிலிருந்து மார்பின் மேடான இடம் வழியாக இடுப்புக்கு இன்னொரு கோடு. இந்தக் கோட்டில்தான் இரண்டு துண்டுகள் சேரும். தட்டையான ஃபோம் மார்பின் மேட்டைப் பெறுவது இங்கேதான். கோடுகளின் குறுக்கே 5 செ.மீ-க்கு ஒரு சிறு குறி போட்டுவிட்டால் ஒட்டும்போது எதற்கு எது என்று தேட வேண்டாம்.

பக்கவாட்டில் வெட்டிக் கழற்றி, ஒரு பாதியை மட்டும் கோடுகளில் வெட்டி சார்ட் பேப்பரில் விரியுங்கள். மறுபாதிக்கு அதையே திருப்பிப் போட்டால் போதும். உடம்பின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. கவசத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

மார்பும் முதுகும் பக்கவாட்டில் முட்ட வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 5 செ.மீ இடைவெளி விட்டு நாடாவும் கிளிப்பும் போடுங்கள். ஃபோமின் தடிமன் தின்னும் அளவு அந்த இடைவெளியிலேயே அடங்கிவிடும், காற்றும் போகும். ஈ.வி.ஏ-வின் கண்ணறைகள் மூடியவை. அதன் வழியாக வியர்வை வெளியேறாது. சித்திரை, வைகாசித் திருவிழாவில் இந்த இடைவெளி அலங்காரத்தைவிட முக்கியம்.

முன்கைக் கவசம் முழுச்சுற்று வருவதால் அங்கே கணக்கு வேண்டும். வளையும்போது ஃபோமின் உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் இழுபடும். ஆகவே சுற்றளவோடு, தடிமனை 3.14 ஆல் பெருக்கிய அளவைச் சேர்க்க வேண்டும். முழங்கைக்குக் கீழே 26 செ.மீ, மணிக்கட்டில் 17 செ.மீ உள்ள கைக்கு 6 மி.மீ ஃபோம் என்றால் தடிமனுக்கு 1.9 செ.மீ, துணிக்கு 1 செ.மீ சேர்த்து, உள்கையில் எலாஸ்டிக் வரும் இடைவெளிக்கு 4 செ.மீ கழியுங்கள். மேல் அகலம் ஏறத்தாழ 25, கீழ் அகலம் 16. நீளம் முழங்கை மடங்கும் இடத்துக்கு 3 செ.மீ முன்பே நிற்கட்டும்.

காகிதத் துண்டுகளை ஸ்டேப்ளர் அடித்து உடம்பில் மாட்டி, கையை உயர்த்தி, உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். உட்காரும்போது மார்புத் துண்டு தொடையில் முட்டி முகவாயை நோக்கி ஏறினால், கீழ் விளிம்பைத் தொப்புள் அளவுக்கு வெட்டுங்கள். அதற்குக் கீழே தனிப் பட்டைகளாகத் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.

வேலைப்பாட்டுக்கு மாதிரி தேடுகிறவர்கள் ராமநாதபுரம் அரண்மனைக்குள் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களை ஒருமுறை பார்த்து வரலாம். சேதுபதிகளின் அவைக் காட்சியும் போர்க் காட்சியும் அங்கே இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் ஐரோப்பிய இரும்புக் கவச மாதிரியை வேலு நாச்சியாருக்கு மாட்டிவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

வெட்டுதல், சூடு காட்டுதல்

ஃபோமில் வரைய வெள்ளி ஜெல் பேனா அல்லது பென்சில். பர்மனன்ட் மார்க்கரின் மை வெளிர் நிறப் பெயிண்ட் வழியாக மேலே ஊறி வரும். கட்டரைச் சாய்வாகப் பிடித்து நீளமாக இழுங்கள், குத்தி அறுக்காதீர்கள். 10 மி.மீ ஃபோமை ஒரே இழுப்பில் வெட்ட முயன்றால் அடிப்பக்கம் அலையலையாக வரும். முதல் இழுப்பில் பாதி ஆழம், இரண்டாவதில் மீதி. ஃபோம் பிளேடை வேகமாக மழுக்கும். வெட்டிய இடத்தில் பிசிறு வந்தால் அந்தக் கண்ணியை உடைத்துவிட்டுப் புது முனைக்குப் போங்கள். பிளேடு பாக்கெட்டைத் திறந்து போடாமல் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு மூடி வைக்கவும். பாம்பன் காற்றில் ஒரே வாரத்தில் துரு பூக்கும்.

தகடுகள் சேர்ந்தது போன்ற கோடு வேண்டுமானால், பாதி ஆழத்துக்கும் குறைவாகக் கீறிவிட்டு அங்கே சூடு காட்டுங்கள். கீறல் தானாக வாய் திறந்து அழகான பள்ளமாகும். கீறல் வேலையெல்லாம் சூட்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஹீட் கன்னை 10 முதல் 15 செ.மீ தூரத்தில் வைத்து ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும்போது மேலே உள்ள துளைகள் மூடிவிட்டன என்று பொருள். அதற்கு மேல் காட்டினால் குமிழ் வரும், சுருங்கும், புகையும். துண்டு துவண்டதும் தொடையிலோ குடத்திலோ வைத்து வளைத்து, ஆறும்வரை ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேண்டிய வளைவைவிடச் சற்று அதிகமாகவே வளைக்கவும். ஆறிய பிறகு கொஞ்சம் விரியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், கடல்பக்கத்து ஜன்னலையும் சாத்துங்கள். காற்று குறுக்கே அடித்தால் ஒரு பக்கம் வேகும், மறுபக்கம் சூடே ஏறாது.

வளைக்கும் வேலை முழுவதும் ஒட்டுவதற்கு முன்பே முடியட்டும். ஒட்டிய பிறகு சூடு காட்டினால் பசை இளகி இணைப்பு வாய் பிளக்கும்.

ஒட்டுதல்

வந்த சாமான் எல்லாம் சரியாக இருந்தும் கவசம் பிரிந்து வருவதற்குப் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் காட்டிய அவசரம்தான் காரணம்.

ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவ வேண்டும், மெல்லிசாக. வெட்டிய விளிம்பு பசையை உறிஞ்சும். அங்கே ஒரு பூச்சு காய்ந்த பிறகு இன்னொன்று. 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து விரல் முட்டியால் தொடுங்கள். நூல் நூலாக இழுத்தால் இன்னும் ஆகவில்லை. ஒட்டுவது போல இருந்து கையோடு வராவிட்டால் சரியான பதம். முதலில் இணைப்பின் இரண்டு முனைகளையும், பிறகு நடுவையும் சேர்த்து, இடைப்பட்டதைக் குறிகளைப் பார்த்து அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு முனையிலிருந்து தொடர்ச்சியாக ஒட்டிக்கொண்டு போனால் மறுமுனையில் ஒரு செ.மீ மிஞ்சி நிற்கும். தொட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும் பசை இது. நகர்த்திச் சரிசெய்ய முடியாது. சூடு காட்டிய வழவழப்பான பரப்பின்மேல் அலங்காரத் துண்டு ஒட்டுவதானால், அந்த இடத்தை மட்டும் 120 உப்புத்தாளால் சுரண்டிக்கொள்ளுங்கள்.

கரைப்பான் ஆவியாகும்போது பசையின் பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, பசைமேல் வெண்மையாக மங்கல் விழும். அப்படியே ஒட்டினால் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் விடிகாலையிலும் இரவிலும் ஒட்டாமல் காலை பத்து மணியிலிருந்து நான்கு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மங்கல் விழுந்துவிட்டால் நன்றாகக் காயவிட்டு மேலே இன்னொரு பூச்சு.

இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கக்கூடியது, காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். நாம் தரையில் உட்கார்ந்துதான் வேலை செய்வோம். பக்கத்து அறையில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ கேஸ் அடுப்போ எரியும்போது டப்பாவைத் திறக்கக் கூடாது. பசை காயும் அறையில் ஹீட் கன்னும் கூடாது. வாசல் பக்கமோ மொட்டை மாடி நிழலோ நல்லது. உப்புத்தாள் தூசிக்கு என்95 மாஸ்க் போதும். பசை, ஸ்பிரே ஆவிக்கு அது உதவாது. அதற்கு ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு வரைவதையும் பெயிண்டையும் கொடுங்கள், பசையைக் கொடுக்காதீர்கள்.

தோள் கவசத்தின் மூன்று தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடாதீர்கள். 2 அல்லது 3 செ.மீ மேல்படியும்படி அடுக்கி, உள்பக்கம் இரண்டு எலாஸ்டிக் பட்டைகளில் ஒவ்வொரு தகட்டையும் ஒட்டினால் கை உயரும்போது தகடுகள் மடங்கி வழிவிடும்.

இடுக்கு அடைத்தலும் பூச்சும்

இணைப்பில் தெரியும் இடுக்கை அக்ரிலிக் சீலன்ட் வைத்து, ஈர விரலால் நீவி அடையுங்கள். சிலிகான் சீலன்ட் வேண்டாம், அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. எம்-சீல் கல்லாக இறுகி முதல் வளைவிலேயே பிளக்கும்.

பூச்சு போடாமல் பெயிண்ட் அடித்தால் ஃபோம் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும், நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். சாதாரண வெள்ளை ஃபெவிகாலையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து நான்கு கோட் அடிப்பது பரவலான முறை. மதுரைக்கு மேற்கே அது ஒருவேளை சரியாக இருக்கலாம். வெள்ளைப் பசை ஈரத்தில் மறுபடியும் இளகும். ராமேஸ்வரம் தீவிலோ மண்டபத்திலோ கவசத்தைப் போட்டு வியர்த்தால் அக்குள் பக்கம் பிசுபிசுக்கும், நிறம் சட்டையில் ஒட்டும். இங்கே அதைவிட நல்லது, மொட்டை மாடி ஒழுகாமல் அடிக்கும் ரப்பர் போன்ற அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. ஒரு லிட்டர் வாங்கினால் மிச்சமே இருக்கும். பத்துப் பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, மெல்லிய கோட் மூன்று: ஒன்று குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே. இடையில் ஆறு மணி நேரம், அடைமழைக் காலத்தில் ஒரு நாள். தடித்த ஒரே கோட் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். பிறகு தோலாக உரியும்.

கழிவு ஃபோமில் ஒரு பட்டை எடுத்து, கவசத்துக்குச் செய்யும் ஒவ்வொன்றையும் அதற்கும் செய்துகொண்டே வாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அதை இரண்டாக மடித்துப் பார்த்தால், எந்த அடுக்கு விரிசல் விடுகிறது என்பது கவசத்தைத் தொடுமுன்பே தெரிந்துவிடும்.

காயப்போடுவது நிழலில். நேர் வெயிலில் ஃபோம் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். ஆடிக் காற்றில் திறந்த இடத்தில் வைத்தால் பூச்சில் மணல் ஒட்டும்.

நிறம்

கதவுக்கு அடிக்கும் எனாமல் வேண்டாம். நாளாக ஆக இறுகி வெடிக்கும். துணிக்கு வரையும் அக்ரிலிக் நிறங்கள் வளைந்துகொடுக்கும். கறுப்பு 100 மி.லி, வெள்ளி அல்லது தங்கம் 100 மி.லி, அரக்கு கலந்த பழுப்பு ஒரு சின்னப் புட்டி.

முதலில் முழுவதும் கறுப்பு, இரண்டு கோட். காய்ந்ததும் வெள்ளியைத் தூரிகையில் தொட்டு, பழைய துணியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மிச்சத்தை மேடான இடங்களில் மட்டும் தேயுங்கள். பள்ளங்களில் கறுப்பு நிற்பதால்தான் உலோகம் போலத் தோன்றும். எல்லா இடத்திலும் வெள்ளி பூசினால் எவர்சில்வர் சாமான் மாதிரி ஆகிவிடும். பிறகு பழுப்பில் ஐந்து மடங்கு தண்ணீர் சேர்த்துப் பூசி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். இடுக்கில் மட்டும் அழுக்கு நிற்கும்.

தங்கத்தில் ஒரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தங்கப் பொடி உண்மையில் பித்தளைத் தூள். உப்புக்காற்றில் கறுத்துப் பச்சை பூக்கும். மைக்கா கலந்த அக்ரிலிக் தங்க நிறம் அப்படி மாறாது.

கடைசியாக, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கோட். ஸ்பிரே வார்னிஷ்தான் வேண்டுமென்றால் ஈரம் குறைந்த நடுப்பகலில் அடியுங்கள். மழைமூட்டத்தில் அடித்தால் பால் படிந்தது போல வெளுக்கும்.

மாட்டுவது, போடுவது, வைப்பது

நாடாவைப் பசையை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள். 5 செ.மீ நீள ஃபோம் துண்டில் பிளவு வெட்டி நாடாவை நுழைத்துத் தைத்து, அந்தத் துண்டைக் கவசத்தின் உள்ளே ஒட்டினால் இழுவை பரவும். டிச் பட்டன் இரும்பானால் ஒரே பருவத்தில் துருவேறி வெள்ளைத் துணியில் கறை வைக்கும். பிளாஸ்டிக் கிளிப், இல்லாவிட்டால் பித்தளை. முழுத் தலைக்கவசத்தை முதல் கவசத்தோடு முயல வேண்டாம், 6 மி.மீ-இல் ஒரு கிரீடம் போதும்.

உள்ளே பருத்தி பனியன் போட்டுக்கொள்ளுங்கள். பகலில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீர் குடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், பெரியவர்கள்தான் கவனிக்க வேண்டும். தீச்சட்டி, பந்தம், வெடி, ஆரத்தித் தட்டு இவற்றின் பக்கத்தில் ஃபோம் கவசத்தோடு போகக் கூடாது. ஈ.வி.ஏ எரிந்தால் உருகிச் சொட்டும், சொட்டியது தோலில் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பூச்சும் அதைத் தீப்பிடிக்காததாக ஆக்கிவிடாது.

வேலை முடிந்ததும் ஈரத்துணியால் உள்பக்கம் துடைத்து, நிழலில் காயவைத்து, அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சை பூக்கும்; பழைய பருத்தி வேட்டியால் மூடினால் போதும். தகரக் கூரையின் கீழுள்ள பரணும் வெயிலில் நிற்கும் காரும் கூடாது, அந்தச் சூட்டில் வடிவமும் போகும், பசையும் விடும். மேடைக்குப் போகும்போது ஒரு சிறு ரப்பர் பசை டியூப், ஊக்கு பத்து, கறுப்பு, வெள்ளி நிறம் கொஞ்சம், மாற்று கிளிப் ஒன்று, இவற்றை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது தோள் எலாஸ்டிக்தான். அதை அந்த நேரத்துக்கு ஊக்குப் போட்டுச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்தெடுத்த பிறகே மறுபடி ஒட்ட வேண்டும்.